மாமனாரின் மதமும் மாவட்ட நீதிமன்றமும்

1

இன்று காலை நீங்கள் சாப்பிட்ட இட்லியில் என் பங்கும் கொஞ்சம் இருக்கலாம். யாங்கோனில் அலோன் துறைமுகப் பக்கம் ஒரு கிட்டங்கியில் உட்கார்ந்து, தமிழ்நாட்டுக்குக் கப்பலேறப் போகும் உளுந்தைக் கையில் அள்ளிப் பார்த்து, "சரி", "சரியில்லை" என்று சொல்வது என் உத்தியோகம். அறந்தாங்கியிலிருந்து இரண்டு வருஷத்துக்கு என்று சொல்லி வந்தவன். வந்த இடத்தில், நகரத்து நடுவே இருக்கும் பபேடானில் சாந்தியைப் பார்த்தேன். அவளைக் கட்டிக்கொண்டு அவள் அப்பா வீட்டிலேயே ஒரு அறையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் மகள் நிலா இப்போது சட்டம் படிக்கிறாள். வீட்டில் நிலா, கல்லூரியில் மா நிலார். என்னை வீட்டோடு மாப்பிள்ளை என்று ஊரில் உள்ளவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது எனக்கு இங்கேயே கேட்கும். சிரிக்கட்டும். மாமனார் என்னை ஒரு நாளும் அப்படி நடத்தியதில்லை.

மாமனார் பெயர் மாரிமுத்து. பர்மியப் பெயர் ஊ மியா மவுங்; ஊ என்பது நம் ஐயா மாதிரி. இங்கே பலருக்கும் இப்படி இரண்டு பெயர் உண்டு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவர் போய் ஒரு வருஷம் ஆனபோது திதி கொடுத்தோம். அன்று நடந்த பேச்சில்தான் இந்தக் கதை தொடங்குகிறது.

காலையில் பொங்ஜிகள் என்கிற பௌத்தத் துறவிகள் வந்து, சாந்தி படைத்த சோற்றையும் கறியையும் ஏற்று, பாலி மொழியில் ஓதிவிட்டுப் போனார்கள். அவர்கள் படியிறங்கும்போது எங்கள் குருக்கள் எள்ளும் தர்ப்பையுமாகப் படியேறி வந்தார். இரண்டு தரப்பும் மூன்றாவது மாடித் திருப்பத்தில் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டதாக நிலா சொன்னாள். எங்கள் வீடு கட்டடத்தின் உச்சி மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. எந்தச் சாமிக்கும் மூச்சு வாங்கத்தான் செய்யும்.

சாப்பாடு முடிந்ததும் மச்சினன் குமார் தொண்டையைச் செருமினான். சாந்திக்கு ஒரே தம்பி. கியாக்தானில், ஆற்று நடுவே இருக்கும் பகோடா என்கிற புத்தர் கோயிலுக்குப் படகு ஏறும் இடத்தில் கடை வைத்திருக்கிறான். பூவும், கெளுத்தி மீனுக்குப் போடும் பொரியும் விற்பான். இறாலுக்கு ஐஸ் கிடங்கு கட்ட வேண்டும் என்பது அவனுடைய ரொம்ப நாள் ஆசை.

"அக்கா, அப்பாவுக்கு வருஷமும் முடிஞ்சிருச்சு. இந்த வீட்டை வித்துருவோம். ஒனக்குப் பாதி, எனக்குப் பாதி."

"வித்துட்டு நாங்க எங்கடா போறது?"

"ஊருக்கு வெளிய டகோன் பக்கம் சின்னதா ஒன்னு பாத்துக்கலாம். மச்சானுக்கும் இந்த மாடி ஏற முடியல, பாவம்."

என் முழங்காலை இழுத்ததில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் நான் அறந்தாங்கிக்காரன். எங்கள் பெரியப்பா ஒரு வேலிப் பிரச்சினைக்காக முன்சீப் கோர்ட்டில் தொடங்கி, சப் கோர்ட், மாவட்டக் கோர்ட், மெட்ராஸ் ஹைகோர்ட் என்று ஏறி இறங்கியவர். வாய்தா என்ற வார்த்தையைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவன் நான். பாதி வக்கீல் என்று என்னை நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீ என்ன பாதி குடுக்கிறது? சட்டமே குடுக்குது!" என்றேன். "நாம இந்துக்கள். இந்துச் சட்டப்படி மகனும் மகளும் சமம். உங்க அக்கா கையெழுத்து இல்லாம ஒரு செங்கல்லைக்கூட நீ விக்க முடியாது. போய் எந்த ஷேனேயை வேணும்னாலும் கேட்டுப் பாரு."

ஷேனே என்றால் வக்கீல். பாவி, போய்க் கேட்டுவிட்டான்.

2

அடுத்த மாதம் எங்களுக்குக் கோர்ட்டிலிருந்து அழைப்பு வந்தது. குமார் இப்போது பாதி கேட்கவில்லை. வீடு முழுவதும் தன்னுடையது என்றான். காரணம்: இறந்தவர் இந்து.

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. எங்கள் தெருவிலேயே ஒரு தேநீர்க் கடைக்கு மேலே அறை வைத்திருக்கும் ஊ யூசுப்பிடம் ஓடினோம். இவர் தமிழ் முஸ்லிம், இங்கேயே பிறந்து வளர்ந்து வக்கீலானவர். மாமனார் தீ மிதிக்கும் படங்களை அவர் மேசையில் பரப்பி, "பாருங்க, சுத்தமான இந்து. அப்ப சாந்திக்குப் பாதிதானே?" என்றேன்.

அவர் படங்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு படங்களை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார்.

"தம்பி, இதை வேற யார்கிட்டயும் காட்டினீங்களா?"

"இல்ல பாய். ஆனா மச்சினன்கிட்ட வாயால சொன்னேன்."

"போச்சு," என்றார்.

பிறகு விளக்கினார். கல்யாணம், வாரிசு விவகாரங்களில் இந்த நாட்டில் அவரவர் மதத்துச் சட்டம். இந்தியாவும் பர்மாவும் ஒரே ஆட்சியில் இருந்தபோது இரண்டு பக்கமும் இருந்தது ஒரே பழைய இந்துச் சட்டம்தான். பாகம் பிரிந்த பிறகு அந்தப் பக்கம் அதைத் திருத்தித் திருத்தி மகளுக்கும் பங்கு என்று எழுதிக்கொண்டார்கள். அந்தத் திருத்தங்களுக்குக் கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லை. இங்கே கிடப்பது பழையது.

"மகன் இருந்தா மகளுக்குப் பங்கு இல்ல. நீங்க உங்க ஊர்ச் சட்டத்தை இங்க வந்து பேசியிருக்கீங்க."

இந்தியாவிலிருந்து வந்த இந்துவுக்கு இந்துச் சட்டத்தை யாங்கோனில் ஒரு பாய் சொல்லித்தர வேண்டியதாயிற்று. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டிக்கு முகவரி வேண்டுமென்றால் என்னிடம் கேளுங்கள்.

"பௌத்தரா இருந்தா?" என்று சாந்தி கேட்டாள்.

"பௌத்தரா இருந்தா மகனும் மகளும் ஒன்னு. பாதிப் பாதி. நீங்க உள்ள குடியிருக்கீங்க, அவர் பாதியைப் பத்திப் பேசிக்கலாம். இந்துன்னா பேச ஒன்னுமில்ல. அவர் சொல்ற அன்னிக்கு வெளிய வரணும்."

"செத்தவரை மதம் மாத்தச் சொல்றீங்களா?"

"மாத்த வேணாம்மா. இருந்ததைத் தேடுவோம்."

3

தேடினோம். வீடு முழுக்க மாமனாரின் மதம் கிடந்தது. எந்த மதம் என்பதுதான் பிரச்சினை.

பௌத்தப் பக்கம் நல்ல பலம். தினமும் விடிகாலையில் தெருவில் வரும் பொங்ஜிகளின் பாத்திரத்தில் ஒரு கரண்டிச் சோறு போடாமல் அவர் தேநீர் குடித்ததில்லை. புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா நாட்களில் சில வருஷம் காவி உடுத்தி மடத்தில் இருந்திருக்கிறார். பௌர்ணமிக்கு பகோடா. இந்துப் பக்கமும் இளைத்ததல்ல. வருஷா வருஷம் தீமிதி, ஆடியில் கூழ், வெள்ளிக்கிழமை கவிச்சி கிடையாது.

படங்களை இரண்டு குவியலாகப் பிரித்தோம். ஒரே ஒரு படம் எந்தக் குவியலுக்கும் போகமாட்டேன் என்றது. மாமனார் மொட்டையடித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். மடத்துக்காக அடித்த மொட்டையா, மாரியம்மனுக்காக அடித்த மொட்டையா? சட்டை இல்லை, தோளுக்குக் கீழே படமும் இல்லை. நானும் நிலாவும் அரை மணி நேரம் விவாதித்தோம். மொட்டைக்கு மதம் கண்டுபிடிக்க முடியவில்லை.

வேறு யாரும் இதில் சிரிக்க மாட்டார்கள். நாங்கள் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு சாந்தி அந்தப் படத்தை எடுத்துத் தன் புடவை அலமாரியில் வைத்துக்கொண்டாள். ஊ யூசுப் தயாரித்த பதில் மனுவில், எங்கள் தந்தை பௌத்தர் என்ற வரிக்குக் கீழே, கையெழுத்தும் போட்டாள். ஒன்றும் பேசவில்லை. பேசாத சாந்தியை நான் நம்பியிருக்கக் கூடாது.

4

இந்த நாட்டில் நீதிமன்றங்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பதை நிலாதான் எனக்குச் சொல்லித்தந்தாள். அடுப்படியில், அவள் பாடப் புத்தகத்தை மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு. அவளுக்குத் தமிழ் காதில் ஏறும், வாயில் பர்மியம் கலந்துதான் இறங்கும்.

"அப்பா, கீழ ம்யோனே. அதுக்கு மேல கயைங். அப்பறம் தைங். எல்லாத்துக்கும் மேல பீடௌங்ஸு."

நகரியம், மாவட்டம், மாநிலம், ஒன்றியம் என்று மொழிபெயர்த்துக்கொண்டேன். நகரியத்துக்கு ஒரு நீதிமன்றம், மாவட்டத்துக்கு ஒன்று. யாங்கோன் மாதிரியான பெரிய மாநிலங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹைகோர்ட். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சுப்ரீம் கோர்ட். அது தலைநகர் நேப்பிடோவில் இருக்கிறது. நீதி கேட்டு உச்சிக்குப் போக ஆசைப்பட்டால் முதலில் பஸ் ஏற வேண்டும். சில சிறு இனத்தவர் தாங்களே ஆளும் பகுதிகளுக்கு மாவட்ட அளவில் தனி நீதிமன்றம் என்று அரசமைப்புச் சட்டம் சொல்கிறது.

"அட, நம்ம ஊர் மாதிரிதான். முன்சீப், சப், டிஸ்ட்ரிக்ட், ஹைகோர்ட், டெல்லி. அரசமைப்புக்கு ஒத்துவராத சட்டத்தை ஹைகோர்ட்டே தூக்கிப் போட்டுடும்" என்றேன்.

"இல்ல, அப்பா. அரசமைப்புக்கு அர்த்தம் சொல்ற வேலை இவங்களுக்கு இல்ல. அதுக்குத் தனியா ட்ரைபியூனல். ராணுவத்துக்கும் தனிக் கோர்ட். நீங்க சொல்றது இந்தியா. இது மியன்மா. உங்க மூளையில போடரே கிடையாதா?"

இல்லைதான். அந்த எல்லைக்கோடு இல்லாததால்தான் வீடு போகப் பார்க்கிறது.

அரசமைப்புச் சட்டத்தில் நீதிக்கு மூன்று கொள்கைகள் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். நீதிமன்றம் சட்டப்படி சுதந்திரமாக நடக்கவேண்டும். கதவைத் திறந்துவைத்து விசாரிக்கவேண்டும். எந்த வழக்கிலும் தன் பக்கத்தைச் சொல்லவும், மேல்முறையீடு செய்யவும் உரிமை உண்டு. புத்தகத்துக்கும் தெருவுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பற்றி இந்தக் குறிப்பில் நான் எழுதப்போவதில்லை. நான் வருஷா வருஷம் விசா புதுப்பிக்கிறவன். தூரம் அளப்பது என் உத்தியோகம் இல்லை. உளுந்து மட்டும்தான்.

எங்கள் வழக்கு முதலில் நகரிய நீதிமன்றத்துக்குத்தான் போனது. அங்கே எடுத்த எடுப்பில் வீட்டின் மதிப்பைக் கேட்டார்கள். ஒவ்வொரு நீதிமன்றமும் இன்ன மதிப்பு வரைதான் விசாரிக்கலாம் என்று வரம்பு உண்டு. கூரை ஒழுகுகிற, லிஃப்ட் இல்லாத எங்கள் வீடு சும்மா இருந்த இடத்திலேயே அந்த வரம்பைத் தாண்டி வளர்ந்திருந்தது. மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் பரீட்சை எழுதாமல் பதவி உயர்வு வாங்கியது அந்த வீடு ஒன்றுதான்.

5

ஊரில் டவாலி வாசலுக்கு வந்து கட்சிக்காரர் பெயரை மூன்று தடவை கூவுவார். பெரியப்பா பெயரை அவர் கூவுகிற அழகைக் கேட்பதற்கே பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டிருக்கிறேன். இங்கே அந்தக் கச்சேரி இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து, தேநீர் குடித்து, முறை வரும்போது உள்ளே போகிறோம். வக்கீல்கள் கறுப்புச் சட்டைக்குக் கீழே லுங்கி கட்டி, தலையில் சின்னத் தலைப்பாகை வைத்திருப்பார்கள். ஊ யூசுப்புக்கு அது கம்பீரமாக இருந்தது. குமார் எதிர் பெஞ்சில் வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டு, எழுந்தது தப்போ என்று மறுபடி உட்கார்ந்தான்.

நீதிபதி ஒரு பெண். சாந்தி சத்தியம் செய்தாள். ஊ யூசுப் மடம், பொங்ஜி, பௌர்ணமி என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் "ஆமாம்" என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு குமாரின் வக்கீல் தீமிதி, கூழ், வெள்ளிக்கிழமை என்று கேட்டார். அதற்கும் "ஆமாம்" என்றாள். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு அவரே கேட்டார். பேச்செல்லாம் பர்மிய மொழியில்தான். நான் தமிழில் தருகிறேன்.

"உங்க அப்பா எந்த மதம்மா?"

"காலையில ஒன்னு, சாயங்காலம் ஒன்னு."

பின்வரிசையில் சிரித்தார்கள். நீதிபதியும் கொஞ்சம் சிரித்தார். "சட்டத்துக்கு ஒன்னுதான் வேணும். நீங்களே சொல்லுங்க."

சாந்தி என் பக்கம் திரும்பவில்லை. தம்பியையும் பார்க்கவில்லை.

"கடைசி நாள்ல என்னைக் கூப்பிட்டு, நெத்தியில திருநீறு பூசாம என்னைத் தூக்கிடாதீங்கன்னு சொன்னார். நான்தான் என் கையால பூசினேன். எங்க அப்பா இந்து."

ஊ யூசுப் கூரையைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். குமார் மட்டும் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜெயித்தவன் முகமாகவே தெரியவில்லை.

6

வீட்டுக்கு வந்து நான் கத்தினேன். மறைத்து என்ன பயன்? அடுத்த தெருவுக்கே கேட்டிருக்கும்.

"வீடு போச்சுடி! மடத்துல இருந்தவர்னு சொன்னது பொய்யா? உண்மையைத்தானே சொல்லச் சொன்னாங்க!"

"நான் பூசின திருநீறும் உண்மைதான். ஒரு வீட்டுக்காக அதை நான் பூசலைன்னு சொல்லணுமா?"

இந்து, இந்து என்று மார்தட்டியவன் நான். வீடு என்றதும் மாமனாரைப் பௌத்தராக்க ஓடியவனும் நான்தான். அவள் இரண்டையும் செய்யவில்லை. அன்று அவள்மேல் எனக்குக் கோபமும் இருந்தது, சொல்லத் தெரியாத அளவுக்குப் பெருமையும் இருந்தது. கோபத்தை மட்டும் சத்தமாகச் சொன்னேன்.

தீர்ப்பு குமார் பக்கம் வந்தது. நிலா புத்தகத்தோடு வந்து நின்றாள். "அம்மா, மேல்முறையீடு உரிமை. தைங் ஹைகோர்ட்டுக்குப் போகலாம். அரசமைப்புலயே இருக்கு."

"அங்கயும் இதையேதானே கேப்பாங்க? நானும் இதையேதான் சொல்லுவேன்" என்றாள் சாந்தி. "அதுக்கு எதுக்கு இன்னொரு மாடி ஏறணும்?"

ஊ யூசுப் அவளை வற்புறுத்தவில்லை. நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் டகோன் பக்கம் வாடகை வீடு பார்க்கத் தொடங்கினோம். ஒரு வீட்டில் தண்ணீர் இல்லை. இன்னொன்றில் தண்ணீர் தரையிலேயே இருந்தது. சாந்தி எல்லா வீட்டையும் "நல்லாத்தான் இருக்கு" என்றாள். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கமாகத் திரும்பி அழுதாள். இந்த வீட்டில் பிறந்தவள் அவள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

7

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. குமாரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டும் சத்தம் கேட்டது. வெளியேறச் சொல்லத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு திறந்தேன். குமார் சொட்டச் சொட்ட நனைந்து நின்றான். பின்னால் தார்ச் சட்டியும் தகர மடிப்புமாக ஒரு கூரை வேலைக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான் இது?" என்றேன்.

"என்னைக் கேக்காதீங்க. கீழ் வீட்டுக்காரன் போன் போட்டுத் திட்டுறான், உன் வீட்டு ஒழுகல் என் தலையில விழுதுன்னு. சொந்தக்காரன் நான்தானாமே!"

வேலைக்காரரை மாடிக் கூரைக்கு அனுப்பிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். சாந்தி ஒரு துண்டை அவன் மேல் வீசிவிட்டு, சட்டியில் வடையைப் போட்டாள். உளுந்து என் கிட்டங்கி உளுந்து, முதல் தரம். ஒரு வடை போனது. இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு குமார் பொரிந்து தள்ளத் தொடங்கினான்.

"கியாக்தான்ல ஒருத்தன் விடலை, அக்கா. கோயில்ல கேக்கிறாங்க, முழு வீடும் வாங்கிட்டியாமே, அக்காவை எப்ப ரோட்டுல விடப்போறேன்னு. எம் பொண்டாட்டி என்ன சொல்றா தெரியுமா? அடுத்து நிலாவுக்குக் கல்யாணம் வரும், தாய்மாமன் சீரோட நீங்கதான் முன்னால நிக்கணும், இப்பவே யோசிங்கன்றா. ஐஸ் கிடங்குக்கு வழி கேட்டேன். கூரைக்குத் தார் பூச வச்சுட்டீங்க."

"நாங்களா வச்சோம்? நீதானே கேஸ் போட்டே?" என்றேன்.

"நீங்க பேசாதீங்க, மச்சான். இந்துச் சட்டத்தைக் கேட்டுப் பாருன்னு சொன்னதே நீங்கதான்."

நான் தட்டை அவன் பக்கம் நகர்த்தினேன்.

குமார் வடையைத் தட்டில் வைத்தான். குரல் இறங்கிவிட்டது.

"பாதி கெடச்சிருந்தா எம் பங்கை வித்துட்டு நிம்மதியா போயிருப்பேன். பாதி வாங்கினவன் பங்காளி, யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. முழுசும் வாங்கினா அப்பா எடத்துல கொண்டுபோய் ஒக்கார வச்சிருவாங்கன்னு எந்த ஷேனேயும் எனக்குச் சொல்லலையே, அக்கா. இப்ப நான் ஒன்ன எப்படிப் போகச் சொல்லுவேன்?"

சாந்தி அடுப்புப் பக்கமே திரும்பி நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எண்ணெய்ப் புகை என்று நீங்கள் வேண்டுமானால் நம்பலாம். பிறகு இன்னும் இரண்டு வடையை அவன் தட்டில் போட்டாள்.

"சரி, சாப்பிடு. சாப்பிட்டுட்டு அந்த ஆளை அடுப்படிக்கு மேலயும் பாக்கச் சொல்லு. அங்கயும் ஒழுகுது."